மாலை ஏழு மணிப் பசி: எந்த வழி யாருக்கு?

மழை பிடித்துக்கொண்ட மாலையில் சூடான தேநீரில், எங்கள் பேக்கரிகளின் மொறுமொறுப்பான பண்டமான வர்க்கியை நனைத்து, அது ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வது நீலகிரிக்காரர்களுக்கு வாய்த்த இன்பங்களில் ஒன்று. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு வர்க்கியோடு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தவள், கால் கிலோப் பொட்டலம் காலியான பிறகும் காகித மடிப்பில் ஒட்டியிருக்கும் தூளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தால், அங்கே இன்பம் எதுவும் மிச்சமில்லை. சுவை மூன்றாவதோடு நின்றுபோயிருக்கும். கை மட்டும் போய் வந்துகொண்டிருக்கும்.

இரண்டு ஆண்டுகள் என் மாலைகள் இப்படிக் கழிந்தன. குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துக் கணக்கு எழுதுகிறேன். பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதங்களில், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சிறு விவசாயிகளின் முகத்தைப் பார்த்துத்தான் தொகையைச் சொல்ல வேண்டும். அவர்கள் யாரும் என்னைத் திட்டுவதில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆறரை மணிக்கு மினி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

அருவங்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இதே தொல்லை, வேறு நேரத்தில். இரவு பதினொரு மணிக்கு, எல்லாரும் தூங்கிய பிறகு, சமையலறை விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே சாப்பிடுவாள். மிஞ்சிய சோறும் ஊறுகாயும், பிறகு பிரெட், அதற்கும் பிறகு பால் பவுடர் டப்பாவில் கரண்டியை விட்டு அப்படியே அள்ளி. வயிறு வலிக்கும்வரை நிற்காது. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்திருந்த காலி டப்பாக்களை நான் தற்செயலாகப் பார்த்துவிட்ட அன்று, "இதை யாரிடமும் சொல்லாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்று அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

இருவரும் பல வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எனக்குக் கைகொடுத்தது அவளைக் கீழே தள்ளியது. அவளுக்குத் தேவைப்பட்டது எனக்குத் தேவைப்படவே இல்லை. ஆகவே எது நல்ல வழி என்று பொதுவாகச் சொல்லாமல், யாருக்கு எது என்று பிரித்துச் சொல்வதுதான் நியாயம்.

அதற்கு முன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. திடீரென்று பயந்துபோனால் பசி அடங்கிவிடும். அது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை. நாள்கணக்கில் நீளும் கவலை வேறு. அப்போது சுரக்கும் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் பசியைக் கிளப்பிவிடுகிறது, அதுவும் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவின் பக்கம் திருப்பிவிடுகிறது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தம் தரும் வேலைகளைச் செய்த பெண்களில் யாருக்குக் கார்டிசோல் அதிகம் சுரந்ததோ அவர்களே அதிகம் சாப்பிட்டார்கள், இனிப்பையே கூடுதலாக எடுத்தார்கள். எனவே "நாக்கை அடக்கத் தெரியாதவள்" என்று உங்களை யாராவது சொன்னால், நீங்களே சொல்லிக்கொண்டாலும், அது பாதி உண்மைகூட இல்லை.

என்னை யோசிக்கவைத்த இன்னோர் ஆய்வு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014இல் வெளியிட்டது. மனத்தை வாட்டும் காட்சிகளைப் பார்க்கவைத்து, ஒரு முறை, பார்த்தவர்கள் தமக்கு ஆறுதல் தரும் என்று சொன்ன உணவைக் கொடுத்தார்கள். இன்னொரு முறை அவர்களுக்கே வேறு உணவு கொடுத்தார்கள், அல்லது எதுவும் கொடுக்கவில்லை. சிறிது நேரத்தில் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வர்க்கிதான் என்னைத் தேற்றுகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். ஒருவேளை, யாருக்கும் பதில் சொல்லாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்ததே என்னைத் தேற்றியிருக்கலாம்.

இனி வழிகள்.

பட்டினி

முதலில் தள்ளிவிட வேண்டியது இதுதான். இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவது, சோற்றை அடியோடு நிறுத்துவது, வாரத்தில் மூன்று நாள் வெறும் பழம் என்றெல்லாம் அக்கா செய்து பார்த்தாள். எட்டு மணிக்குச் சாப்பிடாமல் படுத்தவள்தான் பதினொரு மணிக்கு எழுந்தாள். 1944 இறுதியில் மின்னசோட்டாவிலேயே 36 ஆரோக்கியமான ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை தொடங்கியது. ஆறு மாதம் அரைப்பட்டினி. அவர்களுக்கு எந்நேரமும் உணவின் நினைப்பே இருந்தது. சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பட்டினி முடிந்த பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். உடம்பும் மனமும் திடமான இளைஞர்களுக்கே அந்த நிலை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது

எனக்கு இது பாதி உதவியது. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பேக்கரிக்குப் போய் ஏறி வர அரை மணி ஆகும். பனிமூட்டம் இறங்கிய பிறகு அந்தப் படிக்கட்டில் வர்க்கிக்காக யாரும் இறங்க மாட்டார்கள். ஆசைக்கும் கைக்கும் நடுவே அரை மணித் தூரம் விழுந்ததே பெரிய உதவிதான்.

அக்காவிடம் இது பலிக்கவில்லை. அவள் வீட்டில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரெட்டும் ஜாமும் இல்லாமல் அந்த வீடு நடக்காது. வர்க்கி இல்லாத இரவில் சோறு, சோறு இல்லாத இரவில் சர்க்கரை. என்ன பொருள் என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு பண்டம் கண்ணில் படாவிட்டால் உங்கள் வேட்கை தணிந்துவிடுகிறதா? இந்த வழி உங்களுக்கானது. எது கிடைத்தாலும் சரி என்று தேடத் தொடங்குகிறீர்களா? அலமாரியைக் காலி செய்து பயனில்லை.

அடியோடு தடை போடுவதைவிட எண்ணி வாங்குவது நல்லது என்பது என் அனுபவம். பொட்டலமாக வாங்காமல் உதிரியாக நாலு வர்க்கி வாங்குகிறேன். இனி ஆயுளுக்கும் கூடாது என்று சபதம் போட்ட வாரங்களில்தான் அதைப் பற்றியே அதிகம் நினைத்தேன். சீசனில் ஊட்டிக்கு வரும் உறவினர்கள் சாக்லேட் பெட்டியோடுதான் வருவார்கள். வேண்டாம் என்று சொல்லி அவர்கள் மனத்தை நோகடிக்க வேண்டியதில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் பகிர்ந்துவிடுகிறேன்.

காத்திருப்பது, நடப்பது

வேட்கை அலை போன்றது. ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்கும். அதோடு சண்டை போடாமல், அதற்குப் பணியவும் செய்யாமல், அது இறங்கும்வரை கவனித்துக்கொண்டிருக்கும் பயிற்சியை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் போதைப் பழக்கங்களிலிருந்து மீள்பவர்களுக்காக உருவாக்கினார். சாப்பாட்டு வேட்கைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். செய்முறை எளிது. கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் குறித்துக்கொள்ள வேண்டும். வேட்கை உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். எனக்குத் தாடையிலும் நெஞ்சுக்குழியிலும் இருக்கும், வயிற்றில் இருக்காது. அதைக் கண்டுகொண்ட நாளில், இது பசி இல்லை என்று முதன்முறையாக எனக்கே தெரிந்தது. இருபது நிமிடம் கழித்தும் வேண்டுமென்றால், தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து சாப்பிடலாம். அதில் குற்றமில்லை.

சும்மா காத்திருப்பதைவிட விறுவிறுவென்று கால் மணி நேரம் நடப்பது இன்னும் பலன் தரும். சாக்லேட் பிரியர்களை வைத்துச் செய்த பிரிட்டன் ஆய்வுகளில், பதினைந்து நிமிட நடைக்குப் பிறகு வேட்கையும் தின்ற அளவும் குறைந்தன. ஆனால் எழுதுகிறவர்கள் சமவெளியில் இருந்துகொண்டு "மாலையில் நடங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருட்டிய பிறகு காட்டெருமை சாலையில் நிற்கும், கரடி குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்கு ஒரு பெண் தனியாகத் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப்பாதையில் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. நான் செய்த மாற்றம் இதுதான்: இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைவீதி வழியாக நடந்து வருகிறேன். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் பின்னல் ஊசியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கையும் நூலில் மாட்டியிருக்கும்போது பொட்டலத்தைப் பிரிக்க முடியாது.

இந்த வழி உணர்ச்சியால் வரும் வேட்கைக்குத்தான். வயிறு உண்மையாகவே காலியாக இருந்தால் எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் அலை இறங்காது. அங்கேதான் நான் நெடுநாள் ஏமாந்தேன்.

மதியத்தைச் சரிசெய்வது

என்னைக் காப்பாற்றியது இதுதான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வாரம் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்போது மனம் எப்படி இருந்தது என்று மூன்றே பத்தி போட்டு எழுதினேன். கலோரி எழுதவில்லை, அது கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும், தினமும் அதையேதான் செய்கிறேன். வாரக் கடைசியில் ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது நெஞ்சு சுருக்கென்றது. காலையில் ஏழே முக்காலுக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் தேநீர். ஒரு மணிக்கு இரண்டு தோசை, அல்லது டப்பாவின் கால்பங்கு தயிர்ச்சோறு. இடையில் நாலு முறை, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர். மாலை ஆறரைவரை அவ்வளவுதான். அதாவது நான் பகல் முழுவதும் பட்டினி கிடந்துவிட்டு, மாலையில் எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.

மாற்றியது மூன்று. காலையில் எதுவானாலும் சரி, ஒரு வாழைப்பழமும் அவித்த முட்டையுமாவது. மதிய டப்பாவில் சோற்றைப் பாதியாகவும் பருப்பு, பயறு, காய் ஆகியவற்றை மறுபாதியாகவும். அவரைக்காய் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அவரை, மற்ற நாட்களில் கேத்தி பக்கத்துக் கேரட்டும் பீன்ஸும். மூன்றாவதுதான் முக்கியம்: நாலரை மணிக்கு, பசிக்கிறதோ இல்லையோ, ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை அல்லது சுண்டல். காலத்தில் கிடைத்தால் பாதி பட்டர் ஃப்ரூட், உப்பும் மிளகும் தூவி. மதியத்துக்குப் பிறகு நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடுவதில்லை என்பதுதான் மொத்தக் கணக்கு. பத்து நாளில் ஏழு மணிச் சண்டையின் வேகம் பாதிக்கு மேல் தணிந்துவிட்டது. வர்க்கி அப்போதும் பிடித்திருந்தது; இரண்டோடு எழுந்திருக்க முடிந்தது.

சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள பாஸ்டர் நிறுவனத்தைத் தாண்டித்தான் எங்கள் ஊர் பஸ்கள் போகின்றன. அங்கே 1918இல் ஒற்றை அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய உணவு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டவர் அவர். பருப்பும் பாலும் காயும் சேர்ந்த வடக்கத்தி உணவில் எலிகள் செழித்தன. அரிசியே பிரதானமான நம் பக்கத்து உணவில் நலிந்தன. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் தட்டில் பாதி காயும் பழமும் இருக்கட்டும் என்றும், தானியத்தின் பங்கைக் குறைத்துப் பருப்பைக் கூட்டச் சொல்லியும்தான் கேட்டுக்கொள்கின்றன. தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு இதை நாற்பது வயதில் கற்றுக்கொண்டேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: சிகாகோவில் 2004இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனால் இரவுப்பணி பார்த்தவர்களுக்கும் நோயாளியோடு கண்விழித்தவர்களுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வேட்கை கூடுவதும் இயல்பு. அந்த நாட்களை ஏட்டில் குறித்து வைத்தால் வீண் பழி குறையும்.

இதெல்லாம் போதாதபோது

மேலே சொன்ன எல்லாவற்றையும் அக்காவிடம் ஆசையோடு கொண்டுபோனேன். நிலக்கடலை அவித்துக் கொடுத்தேன், ஏடு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவள் சொன்னது: "நீ சொன்னதையெல்லாம் செய்தேன். இரவு வந்ததும் யாரோ என்னை எழுப்பி அழைத்துப்போவது போல இருக்கிறது. ஏட்டில் எழுதவே பயமாக இருக்கிறது." நான் அவளுக்கு உதவியதாக நினைத்துக்கொண்டு, அவள் தோற்றுப்போவதற்கு இன்னொரு பரீட்சை வைத்திருந்தேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவளுடையது வேறு. ஒரே அமர்வில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, அந்த நேரத்தில் நிறுத்தவே முடியாது என்று உணர்வது, பசியில்லாமலே, வேகமாக, வயிறு வலிக்கும்வரை, வெட்கத்தால் தனிமையில் சாப்பிடுவது, பிறகு தன்மீதே அருவருப்பு. இது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் மருத்துவர்கள் அதை மிகையுண்ணல் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க உளநோய் வகைப்பாட்டில் 2013இல் அது தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. உடல் பருமனானவர்களுக்குத்தான் வரும் என்பதும் இல்லை. அக்கா ஒல்லியாகத்தான் இருக்கிறாள், அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட வைத்தியம் பேச்சு வழி சிகிச்சை. வாரம் ஒரு முறை என்று நாலைந்து மாதம் போகும். அதன் முதல் படியும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்: வேளாவேளைக்குச் சாப்பிடுவது, பட்டினியை நிறுத்துவது. ஆனால் அங்கே ஒருவர் கூட இருந்து, தவறிய இரவைத் தவறாகப் பார்க்காமல், அதற்கு முந்தைய மணி நேரத்தில் என்ன நடந்தது என்று அவளோடு சேர்ந்து பார்க்கிறார். தங்கையால் முடியாத காரியம் அது. சிலருக்கு மனச்சோர்வு சேர்ந்திருக்கும், மாத்திரையும் தேவைப்படலாம். வேறு நோய்க்காக எடுக்கும் ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளே பசியைக் கூட்டும் என்பதால் அதையும் மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செலவும் தூரமும்தான் இதன் குறை. மலையில் ஆலோசகர்கள் குறைவு. தனியாரிடம் போக வேண்டுமென்றால் பலரும் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள்; ஒரு நாள் முழுவதும் போய்விடும், மண்சரிவுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. இதற்கு மாற்றாக இரண்டு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அக்கா முதலில் போனில் பேசினாள், என் வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது நிமிடம். பிறகுதான் ஊட்டிக்குப் போகச் சம்மதித்தாள்.

ஆகவே என் தீர்ப்பு இது. உங்கள் வேட்கை மாலையில் வந்து, பகலில் சரியாகச் சாப்பிடாத நாட்களில் கூடுகிறதென்றால், மூன்று வாரம் மதியத்தையும் நாலரை மணியையும் சரிசெய்யுங்கள்; வேறெதையும் தொடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் குறிப்பிட்ட கவலைக்குப் பிறகு மட்டும் வருகிறதென்றால், இருபது நிமிடக் காத்திருப்பும் நடையும் எண்ணி வாங்குவதும். ஒளிந்து சாப்பிடுகிறீர்களென்றால், நிறுத்த முடியவில்லையென்றால், மேலே உள்ள எதையும் முயன்று பார்த்து நாளைக் கடத்த வேண்டாம், நேரே உதவிக்குப் போங்கள். சாப்பிட்டதை வலிய வாந்தி எடுப்பவர்களும் பேதி மாத்திரை போடுபவர்களும் அப்படியே. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றே, இப்போதே 14416 என்ற எண்ணை அழையுங்கள்.

முதல் முறை போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை, தைராய்டு சோதனை செய்திருந்தால் அந்தச் சீட்டு, கடந்த ஒரு வாரத்தில் எந்தெந்த இரவுகள் என்ற குறிப்பு. என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அக்கா அப்படித்தான் செய்தாள். மருத்துவர் அதைப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான்.